செயின்ட் லூயிஸில் ஒரு நாள் நிற்கலாமா? ஆற்றைக் கடப்பதற்கு முன்பே நில்லுங்கள்

கேள்வி: "நானும் மனைவியும் சிகாகோவிலிருந்து டல்லாஸுக்குக் காரில் போகிறோம். வழியில் செயின்ட் லூயிஸில் ஒரு நாள் நிற்பது பயனுள்ளதா? அந்தப் பெரிய வளைவைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?"

கட்டாயம் நில்லுங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்கி ஒன்றரை நாளாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

நானும் என் கணவரும் இதே வழியில்தான் போனோம். சிகாகோ அருகே ஏழு ஆண்டுகள் இருந்த வீட்டைக் காலிசெய்து, சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு, ஓர் அக்டோபர் காலையில் டல்லாஸுக்குக் கிளம்பினோம். செயின்ட் லூயிஸ் ஏறத்தாழ 300 மைல். ஆர்ச் எனப்படும் அந்தப் பெரிய வளைவைப் பார்த்துவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் புறப்பட்டுவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கை மாற்றியது, ஊருக்குள் நுழைவதற்கு முன்பே நாங்கள் நின்ற ஓர் இடம். உங்களுக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

55ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே வரும்போது, மிசிசிப்பி ஆற்றைக் கடப்பதற்குச் சற்று முன், இல்லினாய் மாநிலப் பக்கத்தில் காலின்ஸ்வில் என்ற சிற்றூர் வரும். அதை ஒட்டியதுதான் கஹோக்கியா மேடுகள். 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். தூரத்திலிருந்து பார்த்தால் புல் மூடிய குன்றுகள்தான். கால் வைத்து ஏறும்போதுதான் தெரிகிறது, அவற்றில் ஒன்றுகூட இயற்கையாக எழுந்ததில்லை. மனிதர்கள் மண்ணைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து வந்து கொட்டி எழுப்பியவை. அவர்களிடம் சக்கரமும் இல்லை, வண்டி இழுக்க மாடு குதிரையும் இல்லை. ஆய்வாளர்கள் மேடுகளை வெட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு கூடை மண்ணும் கொட்டிய இடத்தில் கொட்டியபடியே, வேறு வேறு நிறத் திட்டுகளாகத் தெரிந்திருக்கிறது. இதைச் சொன்னதும் மதுரைக்காரரான என் கணவர், "பிட்டுக்கு மண் சுமந்த கதைதான் ஞாபகம் வருகிறது" என்றார். அதற்குப் பிறகு படி ஏறி முடிக்கும் வரை இருவரும் பேசவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய மேட்டுக்குத் துறவிகள் மேடு என்று பெயர். அதைக் கட்டியவர்களுக்கும் துறவிகளுக்கும் தொடர்பில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, 1800களின் தொடக்கத்தில் அருகே சில பிரெஞ்சுத் துறவிகள் தங்கியிருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. உயரம் சுமார் 100 அடி, அடிப்பரப்பு சுமார் 14 ஏக்கர். கி.பி. 1050க்குப் பிறகு இங்கே பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று தொல்லியலாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மெக்சிகோவுக்கு வடக்கே அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய ஊர் இருந்ததில்லை. 1400க்குள் ஊரே காலியாகிவிட்டது. அவர்களுக்கு எழுத்து இல்லாததால், தங்கள் ஊரை அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதே யாருக்கும் தெரியாது. கஹோக்கியா என்பது பின்னாளில் அங்கே வந்து வாழ்ந்த வேறொரு பழங்குடியின் பெயர்.

நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள். மேலே போய் நின்றதும் காற்று முகத்தில் அடித்தது. மேற்கே பாருங்கள். வயல்களையும் நெடுஞ்சாலையையும் தாண்டி, அடிவானத்தில் ஒரு நகக்கீற்றைப் போல ஆர்ச் தெரியும். ஒரு பெரும் நினைவுச்சின்னத்தின் உச்சியில் நின்றுகொண்டு இன்னொன்றைப் பார்க்கிறோம். இரண்டுக்கும் நடுவே ஆறும் ஏறத்தாழ 900 ஆண்டுகளும். ஊருக்குள் நேராகப் போயிருந்தால் இந்தக் காட்சி எங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இன்றைய செயின்ட் லூயிஸ் நிற்கும் நிலத்திலும் இப்படிப்பட்ட மேடுகள் பல இருந்தன. 'மேட்டு நகரம்' என்றே அந்த ஊருக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. அங்கிருந்த பெரிய மேட்டை 1869இல் வெட்டித் தரைமட்டமாக்கி, மண்ணை ரயில் பாதைக்கு நிரவப் பயன்படுத்திவிட்டார்கள். கூடை கூடையாகச் சுமந்த மண் வண்டி வண்டியாகப் போயிற்று. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இனி ஆர்ச். டிக்கெட்டை முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்காமல் போனோம். அன்று எல்லாம் விற்றுப்போயிருந்தது. அதனால்தான் இரவு தங்கினோம், மறுநாள் காலை முதல் வண்டியில் ஏறினோம். 630 அடி உயரம், அடியில் இரண்டு கால்களுக்கும் இடையே அதே 630 அடி அகலம். வடிவமைத்தவர் ஏரோ சாரினென். வடிவமைப்புப் போட்டியில் அவர் இறுதிச் சுற்றுக்குத் தேர்வான செய்தி தவறுதலாக, அதே போட்டியில் கலந்துகொண்டிருந்த அவர் தந்தை எலியெல் பெயருக்குத் தந்தியாகப் போய்விட்டது. வீட்டில் தந்தைக்காகக் கொண்டாடி முடித்த பிறகுதான், தேர்வானது மகன் என்று தெரியவந்தது. அந்த மகனும் ஆர்ச் எழுந்ததைப் பார்க்கவில்லை. 1961இல் இறந்துவிட்டார், கட்டுமானம் 1963இல்தான் தொடங்கியது. 1965 அக்டோபர் 28 அன்று உச்சியின் கடைசித் துண்டைப் பொருத்தும்போது, வெயிலில் தெற்குக் கால் விரிந்து இடைவெளி குறுகிவிடாமல் இருக்க, தீயணைப்புக் குழாய்களால் தண்ணீர் பாய்ச்சி அதைக் குளிரவைத்தார்கள். அருகே போய் அந்தத் துருப்பிடிக்காத எஃகின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு எங்களுக்கு அது ஐஸ் போல இருந்தது.

மேலே கொண்டுபோகும் வண்டி சாதாரண லிப்ட் இல்லை. வளைந்த காலுக்குள் நேரான லிப்ட் போகாதல்லவா? டிக் பௌசர் என்பவர் இரண்டே வாரத்தில் இதற்கு வழி கண்டுபிடித்தார். பாதி லிப்ட், பாதி ராட்டினம். உள்ளே பீப்பாய் போன்ற வெள்ளைப் பெட்டி, குனிந்து நுழையும் கதவு, ஐந்து இருக்கைகள். முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். பாதை சாயும்போதெல்லாம் பெட்டி 'கடக்' என்று தன்னை நிமிர்த்திக்கொள்ளும். ஏற நான்கு நிமிடம். அடைபட்ட இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயவுசெய்து யோசித்து ஏறுங்கள். எங்கள் எதிரே இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். அவர் மனைவி கடைசி வரை அவர் மணிக்கட்டை விடவில்லை. மேலே போனதும், கிழக்குப் பக்கச் சிறு ஜன்னல் ஒன்றில் குப்புறச் சாய்ந்து, முதல் நாள் நின்ற மேடு இருக்கும் திசையைத்தான் நான் தேடினேன்.

இறங்கி வந்து மேற்கே நடந்தால் பழைய நீதிமன்றம். பசுங்குமிழ்க் கூரை வைத்த கட்டடம். சீரமைப்பு முடிந்து 2025 மே மாதம் மீண்டும் திறந்திருக்கிறார்கள். அவசரமாகப் போகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். வாசல் பக்கம் ஓர் ஆணும் பெண்ணும் நிற்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. டிரெட் ஸ்காட், ஹாரியட் ஸ்காட். கணவன் மனைவி, இருவரும் அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள். அடிமைமுறை தடைசெய்யப்பட்ட மண்ணில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்ததால் தங்களுக்கு விடுதலை உண்டு என்று, 1846இல் இருவரும் தனித்தனியாக இங்கே மனுப்போட்டார்கள். இந்தக் கட்டடத்தில் 1847இல் தோற்றார்கள், 1850இல் வென்றார்கள், மேல்முறையீட்டில் அந்த வெற்றியையும் இழந்தார்கள். 1857இல் உச்ச நீதிமன்றம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் இந்நாட்டின் குடிமக்களே ஆக முடியாது என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போரை நெருக்கிக் கொண்டுவந்தவற்றில் அந்தத் தீர்ப்பும் ஒன்று. அதே ஆண்டு மே மாதம் புதிய உரிமையாளர் அவர்களை விடுவித்தார். டிரெட் ஸ்காட் ஓர் ஓட்டலில் சுமைதூக்கும் வேலை செய்தார், ஹாரியட் துணி வெளுத்தார். அடுத்த ஆண்டே டிரெட் காசநோயில் இறந்துபோனார். பதினோரு ஆண்டுகள் வழக்காடித் தோற்ற பிறகு கிடைத்த விடுதலையை அவர் ஒன்றரை ஆண்டுகூட அனுபவிக்கவில்லை. இரண்டு பெண் குழந்தைகள் அவர்களுக்கு. விற்றுவிட்டால் குடும்பமே சிதறிவிடும் காலத்தில் வழக்குப் போட என்ன துணிச்சல் வேண்டும்! சிலைக்கு முன் நாங்கள் கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1904 உலகக் கண்காட்சி நடந்த ஃபாரஸ்ட் பார்க்கில் விலங்குக் காட்சியகம், கலை அருங்காட்சியகம், வரலாற்று அருங்காட்சியகம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊர் மக்களின் சொத்துவரி அவற்றைத் தாங்குகிறது. தாவரவியல் பூங்காவில், 1960இல் கட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் வெப்பமண்டலக் காடே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் மழைக்காலத்து ஊர் மண் வாசம் வந்தது. சைவம் சாப்பிடுபவர்கள், ஊரின் பெயர்பெற்ற பொரித்த ரவியோலியில் (மாவுக்குள் பூரணம் வைத்த இத்தாலியப் பலகாரம்) பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும் என்பதைக் கவனியுங்கள். மாலையில் நகர மையம் வெறிச்சோடியிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 1950இல் எட்டரை லட்சம் பேர் இருந்த நகரத்தில் 2020இல் மூன்று லட்சம் பேர்தான் இருந்தார்கள். காரில் பையை வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். நேரம் இருந்தால் 1874இல் திறந்த ஈட்ஸ் பாலத்தில் நடந்து பாருங்கள். எஃகுப் பாலத்தை மக்கள் நம்பாததால், திறப்பதற்கு முன் ஒரு யானையை நடக்கவிட்டுக் காட்டினார்களாம்.

நாங்கள் கிளம்புவதற்கு முன் வடக்கே கால்வரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். டிரெட் ஸ்காட்டை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். கல்லின் மேல் வருகிறவர்கள் லிங்கன் முகம் பதித்த ஒரு சென்ட் காசுகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். மழையில் கறுத்தவையும் புதியவையுமாகப் பத்திருபது இருந்தன. காரில் துழாவியதில் எங்களுக்கு இரண்டு கிடைத்தன. இரண்டையும் அங்கேயே வைக்கப் போனவரை நான் நிறுத்தினேன். ஹாரியட் அங்கே இல்லை. அவர் 1876இல் இறந்தபோது கிரீன்வுட் என்ற வேறொரு கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அது வெகுகாலம் பலருக்குத் தெரியாமலே இருந்தது. ஒரு காசை டிரெட்டுக்கு வைத்துவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கிரீன்வுட்டுக்கு வண்டியை விட்டோம். டல்லாஸுக்கு அன்று நள்ளிரவு தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம்.