கருந்திரையைக் கிழிக்கப் பார்த்தேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 43. குறிஞ்சிப்பாடிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். இப்போது கணவரோடும் ஒன்பது வயது மகளோடும் வேறொரு நகரத்தில் வாழ்கிறேன். எங்கள் வீட்டில் வள்ளலார் மீது மூன்று தலைமுறையாகப் பற்று உண்டு. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஆயா (என் பாட்டி) என்னை வடலூருக்கு அழைத்துச் செல்வார். கூட்டத்தில் என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஞானசபையில் திரை ஒவ்வொன்றாக விலகுவதைக் காட்டுவார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் தம்பிக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஒரு மாலையில் அம்மா, "தம்பி நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இரு, இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் தூங்கிவிட்டேன். அன்றிரவே தம்பியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து அவன் இறந்துவிட்டான். காரியங்கள் முடியும்வரை என்னை ஆயா வீட்டில் விட்டிருந்தார்கள். "அம்மா எதிரில் அழுதுவிடாதே, அவளுக்கு உடம்பு தாங்காது" என்று உறவினர்கள் சொன்னார்கள். நான் அழவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. நான் தூங்கிப்போனதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

இப்போது என் மகளுக்குச் சிறிது உடல் சுட்டாலும் இரவு முழுவதும் அரைமணிக்கு ஒருமுறை வெப்பமானியை வைத்துப் பார்க்கிறேன். அவள் சிணுங்கினால் கத்திவிடுகிறேன். காய்ச்சல் இறங்கிய பிறகும் விடியும்வரை கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என்ன பார்த்தேன் என்று காலையில் நினைவிருக்காது.

ஆறு மாதங்களுக்கு முன், மனத்தின் பகுதிகளோடு பேசும் சிகிச்சை முறையைப் பற்றிய காணொளிகளைப் பார்த்தேன். அத்துடன் வள்ளலாரின் ஏழு திரைகளை இணைத்து நானே ஒரு தியானத்தை அமைத்துக்கொண்டேன். கருப்புத் திரை என் துக்கம், நீலம் பயம், சிவப்பு கோபம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்ச்சியை ஒதுக்கி, கண்ணை மூடி ஒவ்வொன்றாக விலக்கினேன். முதல் சில வாரங்கள் நிம்மதியாக இருந்தது. ஆனால் கருப்புத் திரை மட்டும் விலகவே இல்லை. ஒருநாள் பொறுமை இழந்து, அதைக் கிழித்து எறிவதாகக் கற்பனை செய்தேன். அதற்குப் பின் மூன்று இரவுகள் கண்மூடவில்லை. நெஞ்சு இறுகி, கை மரத்துப்போய் மருத்துவமனைக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது, இது பதற்றம் என்றார்கள். இப்போது தூக்கம் ஓரளவு திரும்பியிருக்கிறது. தியானத்தில் உட்கார மட்டும் பயமாக இருக்கிறது.

என்னோடு சேர்ந்து தியானம் செய்யும் சிலர், "திரை விலகும் நேரத்தில் இப்படித்தான் இருக்கும், விடாமல் தொடருங்கள்" என்கிறார்கள். கணவர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடச் சொல்கிறார். ஆன்மிகத்தையும் சிகிச்சையையும் நான் கலந்தது தவறா? வள்ளலாருக்கு ஏதேனும் பிழை செய்துவிட்டேனா?

இன்னொன்றையும் எழுதத் தோன்றுகிறது, தொடர்புண்டா என்று தெரியவில்லை. தம்பி இறந்த அந்த வாரத்தில் ஒருநாள் ஆயா என்னை வடலூர் தருமச்சாலைக்கு அழைத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். தரையின் குளிர்ச்சியும் அடுப்புப் புகையின் வாசனையும் அப்படியே நினைவிருக்கின்றன. என்ன சாப்பிட்டேன் என்பது மட்டும் நினைவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முப்பத்து நான்கு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதிய கைக்கு முதலில் என் வணக்கம்.

நீங்கள் பிழை எதுவும் செய்யவில்லை. ஆனால் தொடருங்கள் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. மூன்று இரவுகள் தூக்கமின்மையும் நெஞ்சிறுக்கமும் ஆன்மிக முன்னேற்றத்தின் அடையாளங்கள் என்று எண்ணிக்கொண்டு மேலும் மேலும் அழுத்துவது உங்களுக்குத் தீங்கு செய்யும். உள்ளே ஆறாமல் கிடக்கும் புண்ணைப் பாராமல் தியானத்தின் வழியாகத் தாண்டிப் போய்விடும் இந்தப் பழக்கத்துக்கு, ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே தனிப்பெயர் சூட்டி எச்சரித்தார். அவர் தாமே பௌத்த தியான வழியில் நின்றவர் என்பதால் அந்த எச்சரிக்கையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆகவே அந்தத் திரைத் தியானத்தைத் தனியாகச் செய்வதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் கணவர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதில்லை.

உங்களுக்கு நடந்தது என்ன என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீங்கள் காணொளியில் பார்த்த முறை, அமெரிக்காவில் குடும்பச் சிகிச்சையாளராக இருந்த ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில் உருவாக்கிய இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ் என்பதாக இருக்க வேண்டும். தமிழில் அதை அகக்குடும்ப முறை எனலாம். உணவுச் சிக்கல்களோடு வந்தவர்கள் பலரும் "என்னில் ஒரு பகுதி இப்படிச் சொல்கிறது, இன்னொரு பகுதி அதைத் திட்டுகிறது" என்று பேசுவதை அவர் கவனித்தார். குடும்பத்தில் ஆளாளுக்கு ஒரு பொறுப்பு விழுந்துவிடுவதுபோல மனத்துக்குள்ளும் விழுகிறது என்பது அவர் கண்டது. காயத்தைச் சுமந்தபடி உள்ளே ஒளித்து வைக்கப்பட்ட பகுதிகள் சில. அந்தக் காயம் மீண்டும் நேராதபடி முன்கூட்டியே காவல் காப்பவை சில. காவலையும் மீறி வலி கிளம்பிவிட்டால், கையில் கிடைத்ததைக் கொண்டு அதை அணைக்க ஓடி வருபவை வேறு சில.

இப்போது உங்கள் கடிதத்தையே மறுபடி படித்துப் பாருங்கள். அரைமணிக்கு ஒருமுறை வெப்பமானியைக் கையில் எடுப்பவள் காவல்காரி. விடியும்வரை கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பவள் தீயணைக்க வந்தவள். இவர்கள் இருவருக்கும் பின்னால், ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி தூங்கிப்போன ஒன்பது வயதுச் சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் துக்கம் என்று பெயரிட்டுக் கிழிக்க முயன்ற கருந்திரை, என் கணிப்பில், துக்கமே அன்று. "அழுதால் அம்மாவுக்கு உடம்பு தாங்காது" என்ற கட்டளையை முப்பத்து நான்கு ஆண்டுகளாக நிறைவேற்றி வரும் பகுதி அது. தன் காவலை யாரோ கிழிக்க வருகிறார்கள் என்று கண்டதும், தூங்கினால் ஆபத்து என்று அதற்குத் தெரிந்த ஒரே பாடத்தை வைத்து, உங்களை மூன்று இரவுகள் தூங்கவிடாமல் செய்தது.

பகுதிகளோடு சண்டையிட்டால் என்ன ஆகும் என்பதை ஷ்வார்ட்ஸே கசப்பான அனுபவத்தில் கற்றுக்கொண்டார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண்ணிடம், அந்தப் பகுதி இனிமேல் அப்படிச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளும்வரை அவர் விடாமல் வற்புறுத்தினார். அடுத்த முறை அவள் முகத்திலேயே காயத்தோடு வந்தாள். தம்மால் அதை வெல்ல முடியாது என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் பகுதி அவரிடம் பேசத் தொடங்கியது. தாம் செய்த பிழையை அவர் மறைக்காமல் பதிவு செய்திருப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

கலந்தது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளுருவங்களோடு உரையாடுவதும் சமயக் குறியீடுகளும் சேர்ந்து வருவது புதிதன்று. கார்ல் யுங் 1913 முதல் பல ஆண்டுகள் அவ்வாறு தம் உள்ளுருவங்களோடு பேசி எழுதி வந்தார். அந்த ஆண்டுகளில் குடும்பமும் அன்றாட மருத்துவப் பணியுமே தம்மைத் தரையில் நிறுத்தி வைத்தன என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஆகவே கலக்கலாமா என்பது இங்கே கேள்வியாக எனக்குப் படவில்லை. குறியீட்டை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

வள்ளலார் 1872இல் அமைத்த ஞானசபையின் ஏழு திரைகளுக்கும் அவர் வழியில் பொருள் உண்டு. கருப்பு மாயாசக்தி, நீலம் கிரியாசக்தி, பச்சை பராசக்தி, சிவப்பு இச்சாசக்தி, பொன்னிறம் ஞானசக்தி, வெண்மை ஆதிசக்தி, கலப்பு வண்ணம் சிற்சக்தி. இவை ஆன்ம ஒளியை மறைக்கும் தத்துவங்களைப் பற்றிய பேச்சு. அவற்றைத் துக்கம், பயம், கோபம் என்று மாற்றிப் பெயரிட்டால் இரண்டு பக்கமும் இழப்பு. அவருடைய ஆழ்ந்த குறியீடு ஒரு மனநிலைப் பட்டியலாகச் சுருங்குகிறது. உங்கள் துக்கமோ, ஒளியை மறைக்கும் அழுக்கு என்று தீர்ப்பெழுதப்பட்டுவிடுகிறது. தம்பியை இழந்த ஒரு சிறுமியின் துக்கம் மாயை ஆகாது. வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியவர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று என்னால் எண்ண முடியவில்லை.

நீங்கள் ஆயாவின் தோளிலிருந்து பார்த்ததை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அங்கே எந்தத் திரையும் கிழிக்கப்படுவதில்லை. மாதப் பூசத்தில் ஆறு திரைகள் மட்டுமே விலகும், தைப்பூசத்தில்தான் ஏழும் விலகும், பிறகு அவை மறுபடியும் மூடப்படும். விளக்கோ திரைக்குப் பின்னால் முன்பே எரிந்துகொண்டிருக்கிறது. திரையை விலக்குவதால் அது ஏற்றப்படுவதில்லை. ஒவ்வொருவரிடமும் காயம்படாத, அமைதியும் பரிவும் உள்ள ஒரு மையம் முன்பே இருக்கிறது என்று அகக்குடும்ப முறையும் கருதுகிறது. ஆனால் அந்த மையமும் வள்ளலார் கண்ட அருட்பெருஞ்ஜோதியும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் வழிபாட்டுக்குள் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது. சிகிச்சைக்கு அவ்வளவு பெரிய கூற்று தேவையும் இல்லை. மகளின் நெற்றியைத் தொடும்போது சில நொடிகளாவது உங்களுக்குள் இருக்கும் கனிவு போதும், அதிலிருந்து தொடங்கலாம்.

எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமாகப் பட்டது, தொடர்பு உண்டா என்று தெரியாமல் நீங்கள் கடைசியில் எழுதிய பத்தி. ஏழு திரைகளை நீங்கள் தேர்ந்தெடுத்து உங்கள் உணர்ச்சிகளுக்கு ஒதுக்கினீர்கள். தருமச்சாலையை யாரும் ஒதுக்கவில்லை, அது தானாக வந்தது. தரையின் குளிர்ச்சியோடும் புகையின் வாசனையோடும் வரும் நினைவு 43 வயதுப் பெண்ணுடையதன்று. அந்தச் சிறுமி தானே கொண்டுவந்து கொடுத்தது. 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே பந்தியில் உட்காருபவரிடம் எந்தச் சாதி, எந்த ஊர், என்ன தவறு செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. பசி ஒன்றே தகுதி. எல்லோரும் அழாதே என்று சொன்ன அந்த வாரத்தில், உங்கள் ஆயா ஒன்றும் சொல்லாமல், தூங்கிப்போன குற்றத்தைச் சுமந்துகொண்டிருந்த ஒரு குழந்தையை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார். அவருக்கு உங்கள் இரகசியம் தெரியாது. ஆனாலும் எந்த இடம் என்பது தெரிந்திருக்கிறது.

உங்களுக்குரிய குறியீடு அந்த அடுப்புதான் என்று நான் நம்புகிறேன். திரையை வைத்துக்கொண்டால் விலக்க வேண்டிய வேலையே நினைவுக்கு வரும். அடுப்பின் அருகே சோறிடும் வேலை மட்டுமே உண்டு.

இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். அதிர்ச்சி அனுபவங்களைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவ உளவியலாளரிடம் செல்லுங்கள். அவர் இந்தக் குறிப்பிட்ட முறையில் பயின்றவராக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாத நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில் வலியும் மனச்சோர்வும் குறைந்ததாகக் கண்டது போன்ற நல்ல அறிகுறிகள் இம்முறைக்கு உண்டு என்றாலும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இருக்கும் அளவுக்குச் சான்றுகள் இதற்கு இன்னும் திரளவில்லை. தூக்கம் மறுபடி கெட்டாலோ, வெளியிலிருந்து குரல் கேட்பதுபோல் தோன்றினாலோ, உங்களை வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அதுவரை வீட்டில் ஒன்று மட்டும் செய்யலாம். பகல் நேரத்தில், கண்ணைத் திறந்தபடி, பத்து நிமிடங்களுக்கு மேல் போகாமல் உட்காருங்கள். சிறுமியை நேராகத் தேடிப் போகாதீர்கள். வெப்பமானிக்காரியிடம் முதலில் பேசுங்கள். "நீ ஓர் இரவு தூங்கிவிட்டால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். பதில் சொல்லாக வராமல் தோள் இறுக்கமாக வரலாம், ஒரு படமாக வரலாம். அப்போது அவளைப் பார்த்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். எரிச்சல் தோன்றினால், பேசிக்கொண்டிருப்பது இன்னொரு பகுதி என்று பொருள். அதைச் சற்று ஒதுங்கி இருக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒதுங்காவிட்டால் அன்றைக்கு அத்தோடு எழுந்துவிடுங்கள். அவள் மறுத்தாலும் வற்புறுத்தாதீர்கள். இத்தனை ஆண்டுகள் கண்விழித்ததற்கு நன்றி சொல்லுங்கள், அதை இதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அந்த மாலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஈரத்துணி உடம்பின் சூட்டைச் சிறிது தணிக்கும். மருத்துவமனையில் இரண்டு நாள் போராடியும் மருத்துவர்களால் மீட்க முடியாத ஒரு நோயை அது தடுத்திருக்காது. ஒன்பது வயதுக் குழந்தை களைத்துத் தூங்கும். இன்றிரவு உங்கள் மகள் தூங்கும்போது அவள் கை எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அந்த அளவுள்ள கையில்தான் அன்று அந்தத் துணி இருந்தது.

சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில், மகளை அழைத்துக்கொண்டு தருமச்சாலைக்குப் போய் வாருங்கள். ஞானசபைக்குள் போவது உங்கள் விருப்பம். பந்தியில் மட்டும் இருவரும் உட்காருங்கள். அன்று என்ன பரிமாறினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்