முகப்புப் பலகை விற்பவரும் கட்டடக் கலைஞரும்: கேள்வி பதில்

வெளிச்சுவர் உறைகளைத் தயாரிப்பவர்களும் விற்பவர்களும் கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்வது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கட்டடக் கலைஞர்கள் கேட்லாக்கை மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு அழைப்பதே இல்லை. ஏன்?

அவரிடம் கேட்லாக்குக்குப் பஞ்சமில்லை. அவர் தலையை உடைத்துக்கொள்வது மூலையிலும் சன்னல் விளிம்பிலும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும்தான். தண்ணீர் நுழைவதும் அங்கேதான். அந்த மூன்று இடங்களுக்கும் விளக்க வரைபடம் கொண்டுபோங்கள். கூடவே, உங்கள் பலகையை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அவரே அழைப்பார்.

எந்தக் கட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது?

முகப்பின் கோடுகள் உறுதியாவதற்கு முன்பு. பலகைகளை வெட்டியெடுக்கும் தகட்டின் அகலம் 1500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவர் 800 மி.மீ. பலகை வரைந்திருந்தால் கிட்டத்தட்ட பாதித் தகடு குப்பைக்குப் போகும். 1500 மி.மீ. பலகையே வரைந்திருந்தால் ஓரங்களை மடிக்க இடமிருக்காது. டெண்டர் போன பிறகு இதைச் சொன்னால் குறை சொல்ல வந்தவர் ஆகிவிடுவீர்கள்.

எங்கள் அலுமினியக் கலப்புப் பலகையில் (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறொரு பொருளை வைத்தது) 'எஃப்.ஆர்.', அதாவது தீயைத் தாமதப்படுத்துவது என்று அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் கட்டடக் கலைஞர் தீப் பரிசோதனை அறிக்கையை முழுதாகக் கேட்கிறார். நம்பிக்கை இல்லையா?

இருக்க வேண்டிய சந்தேகம்தான். 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎதிலீன் நிரப்பிய பலகைகளே தீ பரவ முக்கியக் காரணம் என்று விசாரணை சொன்னது. 'எஃப்.ஆர்.' என்ற இரண்டு எழுத்துகள் எதையும் நிரூபிக்காது. நடுப்பொருளில் எரியக்கூடியது எவ்வளவு, ஐரோப்பிய தீ வகைப்பாட்டில் அது ஏ2வா (மிகக் குறைவாகவே எரிவது) அதற்கு அடுத்த பி-யா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றைப் பலர் மறைக்கிறார்கள், அல்லது அவர்களுக்கே தெரிவதில்லை. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 285, பிரிட்டனின் பி.எஸ். 8414 போன்ற தீச் சோதனைகள் முழுச் சுவர் அமைப்பையும் எரித்துப் பார்ப்பவை: பலகை, வெப்பக்காப்பு, காற்று இடைவெளி, தீத்தடுப்பு எல்லாம் சேர்ந்து. வெப்பக்காப்பை மட்டும் மாற்றினால்கூடப் பழைய அறிக்கை அந்தச் சுவருக்கு அப்படியே பொருந்தாது. முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எந்த அமைப்பைச் சோதித்தார்கள் என்பது உள்ளே இருக்கிறது.

பலகைகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி போதும், அழகாக இருக்கும் என்கிறார் கட்டடக் கலைஞர். எப்படி மறுப்பது?

மறுக்காதீர்கள், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.024 மி.மீ. நீளும். 3 மீட்டர் பலகை, 50 டிகிரி வேறுபாடு: 3.6 மி.மீ. அவர் கேட்ட இடைவெளியை அதுவே விழுங்கிவிடும். வெயில் படும் அடர்நிறப் பலகையில் வேறுபாடு இன்னும் கூடும். நீள்வதற்கு வழிவிடும் நீள்துளைகளையும் அதே தாளில் வரைந்து கொடுங்கள்.

(கட்டடக் கலைஞர் ஒருவர்) ஒரே நிறம்தான் ஆர்டர் செய்தேன். சுவரில் இரண்டு நிறமாகத் தெரிகிறது.

உலோகப் பளபளப்பு நிறமா? எந்தத் திசையில் மாட்ட வேண்டும் என்று பாதுகாப்புப் படலத்தில் அம்புக்குறி இருந்திருக்கும். சில பலகைகளைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். இல்லையென்றால் தயாரிப்புத் தொகுதி எண்களை ஒப்பிடுங்கள்.

விவரக்குறிப்பில் உள்ள 'அல்லது அதற்கு இணையானது' என்ற வரியைப் பிடித்துக்கொண்டு ஒப்பந்ததாரர் மலிவான பலகையை மாட்டிவிடுகிறார்.

எதில் இணை என்று எழுதாவிட்டால் நிறம் ஒத்தாலே போதும் என்றாகிவிடும். நடுப்பொருளின் தீ வகுப்பு, அலுமினியத் தகட்டின் தடிமன், மேற்பூச்சின் வகை, சோதித்த சுவர் அமைப்பு இவற்றை விவரக்குறிப்பில் எழுத உதவுங்கள். உங்களால் மட்டுமே நிறைவேற்றக்கூடிய நிபந்தனையை நுழைக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கள் பலகையைப் பரிந்துரை செய்தால் கட்டடக் கலைஞருக்குக் கமிஷன் தரலாமா?

கூடாது. அவர் கட்டட உரிமையாளரிடம் ஊதியம் பெறுபவர். அந்தப் பணத்தில் தளத்திலேயே ஒரு மாதிரிச் சுவர் கட்டிக் காட்டுங்கள். அதில் ஒரு மூலையும் ஒரு சன்னலும் இருக்கட்டும். குழாயால் தண்ணீர் பீய்ச்சி, எங்கே கசிகிறது என்று அவரோடு நின்று பாருங்கள்.