நம் உடம்புக்கு யார் வைத்த அளவு இது?

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. 98.6, 10,000, 40 வயது, மூன்று லிட்டர். உடலியங்கியல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

என் மாமியாருக்கு வயது 76. தெர்மாமீட்டரில் காலையில் 97.2, சாயங்காலம் 97.8 காட்டுகிறது. 98.6 வருவதே இல்லை. உடம்பில் சூடு குறைந்துவிட்டதா?

இல்லை அம்மா, அவருக்கு அதுதான் இயல்பு. 98.6 என்பது ஜெர்மனியில் லைப்சிக் நகர மருத்துவர் வுண்டர்லிக் 1868-இல் எழுதிவைத்த 37 டிகிரி செல்சியஸின் ஃபாரன்ஹீட் வடிவம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-இல் அமெரிக்காவின் 150 ஆண்டுக்கும் மேலான பதிவுகளை ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு பத்தாண்டிலும் பிறந்தவர்களின் சராசரி உடல் வெப்பம், முந்தைய பத்தாண்டில் பிறந்தவர்களைவிட சுமார் 0.03 டிகிரி செல்சியஸ் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. காசநோய், ஈறு நோய் போன்ற நாள்பட்ட தொற்றுகளும் அவற்றால் வரும் அழற்சியும் குறைந்தது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இன்றைய சராசரி 97.9-ஐ ஒட்டியது. வயதானவர்களுக்கு அதைவிடவும் குறையும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. வழக்கமாக 97.2 காட்டுகிறவருக்கு ஒருநாள் 99.5 வந்து, அவர் சோர்ந்து படுத்து, சாப்பாடும் வேண்டாம் என்றால், ‘100 தாண்டவில்லையே’ என்று இருந்துவிடாதீர்கள். முதியவர்களுக்கு நிமோனியாவும் சிறுநீர்த் தொற்றும் பெரிய காய்ச்சல் காட்டாமலே வரும்.

ஓய்வு பெற்றவன், வயது 68. முழங்கால் வலியோடு தினமும் பத்தாயிரம் ஸ்டெப் நடக்க முடியவில்லை. குறைத்தால் பலன் போய்விடுமா?

போகாது. பத்தாயிரம் என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடையளவுக் கருவியின் பெயர். ‘மான்போ கேய்’ என்றால் பத்தாயிரம் காலடி (ஸ்டெப்) அளக்கும் கருவி. மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அல்ல. சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களிடம் நடந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உடம்பு முடியாதவர்கள் நடப்பதே குறைவு என்பதால் முழுப் புகழும் நடைக்குச் சேராது. ஆனாலும் 2025-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் 7,000 அடியை ஒட்டியே விடை வந்தது. உங்கள் முழங்கால் அனுமதிக்கிற அளவிலிருந்து தொடங்கி, மெல்ல ஆயிரம் கூட்டுங்கள்.

வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 61 கிலோ. இனிப்பே தொடமாட்டேன். மூன்று மாதச் சர்க்கரை 6.9 என்று வந்திருக்கிறது. ஒல்லியான எனக்கு எப்படி?

இந்தக் கேள்வி மாதந்தோறும் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. ‘ஒல்லியாகத்தானே இருக்கிறோம்’ என்று பரிசோதிக்காமலே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

புனே கே.இ.எம். மருத்துவமனை டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், 2004-இல் தன் பிரிட்டிஷ் நண்பர் டாக்டர் யுட்கினோடு எடுத்த படத்தை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையின் குறியீடு) ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு எடையைத்தான் காட்டும். அதில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று சொல்லாது. புனே வட்டாரக் கிராமங்களில் சராசரி 2.7 கிலோவோடு பிறந்த குழந்தைகளை, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோவோடு பிறந்தவர்களோடு அவர் குழு ஒப்பிட்டது. நம் குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசை. தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. கருவிலேயே தொடங்குகிற கதை இது.

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிச் சேமிக்கும் பெரிய களஞ்சியம் தசைதான். அது சிறிதாக இருந்து, வயிற்றுக்குள் கல்லீரலைச் சுற்றிக் கொழுப்பும் சேர்ந்தால், சர்க்கரை ஏறுவதற்கு இனிப்பே வேண்டாம், மூன்று வேளைச் சோறும் இட்லியும் போதும். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: பரிசோதனையை இன்னொரு முறை எடுத்து உறுதிசெய்யுங்கள். சமீபத்தில் தானாக எடை இறங்கியிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேறு வகைச் சர்க்கரையா என்று பார்க்க வேண்டிவரும். இடுப்புச் சுற்றை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. நம் எல்லை. நடையோடு நிறுத்தாமல் தசைக்கு வேலை கொடுங்கள்: கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் சுண்டலும், பிறகு சோறு. இந்த வரிசை மாற்றம் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையைக் குறைப்பதை நியூயார்க்கில் 2015-இல் பார்த்தார்கள். 11 பேர்தான் என்பதால் மருந்துக்கு ஈடாக நினைக்க வேண்டாம். ஆனால் செலவில்லாத வழி.

40 தாண்டியதும் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்கிறார்களே?

29 நாடுகளில், பிறந்து எட்டே நாளான சிசு முதல் 95 வயது வரை 6,400-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்த முடிவு 2021-இல் வந்தது. உடல் அளவைக் கழித்துப் பார்த்தால் 20 முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு மாறவே இல்லை. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் அப்படித்தான். 60-க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவில் இறங்குகிறது. 40-இல் கூடும் எடைக்குத் தூக்கம், உட்கார்ந்த வேலை, தட்டின் அளவு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்பா சென்னையில் கட்டட வேலை செய்கிறார். மே மாதத்தில் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தும் தலை சுற்றுகிறது. இன்னும் குடிக்க வேண்டுமா?

தண்ணீர் மட்டும் தீர்வல்ல தம்பி. வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். சென்னைப் புழுக்கத்தில் அது ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிய வியர்வை தண்ணீரையும் உப்பையும் எடுத்துப்போகுமே தவிர, குளிர்விக்காது.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி செல்சியஸ் காட்டினால் மனிதன் தாங்கமாட்டான் என்பது 2010-இல் சொல்லப்பட்ட கணக்கு. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2022-இல் ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்தபோது, சுமார் 31 டிகிரியிலேயே உள்ளுடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறியது. வானிலைச் செய்தியில் இது 38 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும். அவர்கள் செய்தது லேசான வேலைதான்; உங்கள் அப்பா செங்கல் தூக்குகிறார்.

ஆகவே கனமான வேலையை விடியற்காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு மணிக்கும் நிழலில் ஓய்வு வேண்டும். நனைத்த துண்டைக் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொள்ளட்டும். வெறும் தண்ணீரோடு உப்பிட்ட மோரும் நீராகாரமும் குடிக்கட்டும்; ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. விடுமுறை முடிந்து திரும்பும் முதல் சில நாட்கள்தான் அதிக ஆபத்து. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை பாதி வேலை போதும். இந்த ஓய்வையும் நிழலையும் கொடுப்பது மேஸ்திரியின் கடமை, கேட்டு வாங்க வேண்டிய சலுகை அல்ல.

பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு வியர்த்திருந்தாலும் அது வெப்பத் தாக்குதான் (ஹீட் ஸ்ட்ரோக்). 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். வண்டி வரும்வரை காத்திருக்காமல், அங்கே கிடைக்கிற தண்ணீரைத் தலையிலிருந்து கால்வரை ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள்.