12 பேரின் கொழுந்து எடை: இசட்டா, டியா?

இசட் எல்லையை வைத்து நீங்கள் நிராகரித்தீர்கள், புத்தகம் முடியாது என்கிறது, எது சரி என்று கேட்டீர்கள். புத்தக விடைதான் சரி. இங்கே டி-சோதனைதான் வரும், சூனிய எடுகோளை (உண்மை இடை, அதாவது சராசரி, 18 கிலோதான் என்ற எடுகோளை) நிராகரிக்க முடியாது.

ஹட்டன் பக்கத் தோட்டத்தில் 12 பேர், இடை 17.1 கிலோ, நியம விலகல் (எடைகள் இடையிலிருந்து சிதறும் அளவு) 1.8, உண்மை இடை 18 கிலோவுக்குக் குறைவா என்பது உங்கள் கேள்வி. சோதனைப் பெறுமானம் −1.732 என்று நீங்கள் கணித்தது சரி. ஒப்பிட்ட எல்லைதான் பிழை: −1.645 இசட் அட்டவணையில் உள்ளது. குடித்தொகையின் (முழுத் தோட்டத்தின்) விலகல் தெரியாமல் மாதிரியிலிருந்தே 1.8ஐ எடுத்ததால், 11 சுயாதீனப் படிகளுக்கு (மாதிரியின் 12இல் ஒன்று குறைவு) 5% எல்லை −1.796. உங்கள் பெறுமானம் அதைத் தாண்டவில்லை. இப்படிப்பட்ட சிறிய மாதிரிகளுக்காகத்தான் புள்ளிவிவரவியலாளர் கொசெட் 1908இல் இந்த வழியைத் தந்தார்.

ஒன்றைப் பாருங்கள்: 1.8ஐ எடுக்கும்போது விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்தீர்களா, 12ஆலா? 12 என்றால் அது 1.88 ஆகும், பெறுமானம் −1.66க்கு வரும். முடிவு மாறாது, ஆனால் புள்ளி போகும்.

அரைப் பேர் விழுந்தவர்களின் (அரை நாள் சம்பளம் மட்டும் போடப்பட்டவர்களின்) விகிதசமம் என்று கேட்டால் இசட்-சோதனை வரும். அதற்கு 12 பேர் பெரும்பாலும் போதாது.

நிராகரிக்கவில்லை என்பதால் இடை 18 என்று நிரூபணமாகிவிடாது. 12 பேரும் ஒரே மலையில், ஒரே மழை நாளில் பறித்திருந்தால் முழுத் தோட்டத்தைப் பற்றியும் அதை வைத்துப் பேசாதீர்கள். ஆட்களின் சம்பளம் இதில் தொங்குகிறது.