மதியத்துக்குள் நெட் தீர்ந்துவிடுகிறது!

கேள்வி: ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துகிறேன். ஒரே கம்ப்யூட்டர், உபுண்டு போட்டது. மழைக்காலத்தில் ரப்பர் கொப்பு விழுந்து கேபிள் அறுந்தால் போனை யூஎஸ்பியில் மாட்டித்தான் வேலை. தினம் 2 ஜிபி, மதியத்துக்குள் காலி. எது இழுக்கிறது என்று டெர்மினலில் பார்க்க என்ன போடலாம்? வேண்டாம் என்றால் சுத்தமாக எப்படி எடுப்பது?
– வாசகர், குழித்துறை

பதில்: எவ்வளவு போனது என்பதை விஎன்ஸ்டாட் என்ற நிரல் சொல்லும். எது இழுத்தது என்பதை நெட்ஹாக்ஸ் என்ற நிரல் சொல்லும். இரண்டும் வேண்டும். கட்டளைகளை உச்சரிப்புப்படி அச்சிட்டிருக்கிறோம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

சூடோ ஏபிடி அப்டேட்
சூடோ ஏபிடி இன்ஸ்டால் விஎன்ஸ்டாட் நெட்ஹாக்ஸ்

பேக்கேஜ் கிடைக்கவில்லை என்றால் 'யூனிவர்ஸ்' களஞ்சியம் அணைந்திருக்கிறது: சூடோ ஆட்-ஏபிடி-ரெபாசிடரி யூனிவர்ஸ். 'லாக்' (பூட்டு) கிடைக்கவில்லை என்று வந்தால் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது. முடியும்வரை பொறுங்கள். லாக் ஃபைலை அழிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பாதியில் நிற்கும் நிறுவல் பெரிய தலைவலி.

போனை மாட்டி, டெதரிங் போட்டபின் 'ஐபி லிங்க்' கொடுங்கள். யூஎஸ்பி0 என்றோ, இஎன்எக்ஸ் என்று தொடங்கும் நீளப் பெயரோ வரும். அதுதான் போன் வழி. விஎன்ஸ்டாட் பட்டியலில் அது இல்லையென்றால்:

சூடோ விஎன்ஸ்டாட் --ஆட் -ஐ யூஎஸ்பி0

சில போன்கள் மாட்டும்போதெல்லாம் புதுப் பெயரில் வரும். அப்போது மறுபடி சேர்க்க வேண்டும். கணக்கும் பெயருக்கொன்றாகப் பிரிந்து கிடக்கும்.

போட்ட உடனே 'போதிய தரவு இல்லை' என்றுதான் காட்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அது கணக்கைப் பதியும். பிறகு 'விஎன்ஸ்டாட் -ஐ யூஎஸ்பி0 -எச்' கொடுத்தால் மணிவாரியாக வரும். 28 நாள் பேக் என்றால் -எச் இடத்தில் -டி 28. போனிலேயே ஓடும் வாட்ஸாப் இதில் சேராது. தவிர, இது காட்டும் ஜிஐபி 1024 கணக்கு. ஒரு ஜிஐபி 1.07 ஜிபிக்குச் சமம்.

ஆளைப் பிடிக்க:

சூடோ நெட்ஹாக்ஸ் யூஎஸ்பி0

'எம்' விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் வேகம் மாறி மொத்த எம்பி வரும். 'ஆர்' வாங்கியதையும் 'எஸ்' அனுப்பியதையும் வரிசைப்படுத்தும், 'க்யூ' வெளியேற. முந்தைய கணக்கை இது வைத்துக்கொள்ளாது, ஆகவே கடை திறந்ததும் ஓட விடுங்கள். விஎன்ஸ்டாட்டின் மணிவாரிக் கணக்கில் நிறைய எம்பி போயும் நெட்ஹாக்ஸில் சொற்பமே தெரிந்தால், பெரும்பாலும் பிரவுசர் வீடியோவை யூடிபி வழியாக இழுக்கிறது. யூடிபி, டிசிபி இரண்டும் நெட்டில் தரவு போகும் முறைகள். இயல்பில் நெட்ஹாக்ஸ் டிசிபியை மட்டுமே எண்ணும்; புதிய பதிப்பில் -சி (இது மட்டும் பெரிய எழுத்து) சேர்த்தால் யூடிபியும் வரும்.

மேல் வரிசையில் 'ஸ்னாப்டி', பக்கத்தில் 'ரூட்' என்று நின்றால் ஸ்னாப் (உபுண்டுவின் ஒருவகைச் செயலிப் பேக்கேஜ்) தானாக அப்டேட் ஆகிறது. மதியத்துக்குள் தீர்வதைப் பார்த்தால் எங்கள் முதல் சந்தேகமும் அதன்மேல்தான். ஒரு நாள் நிறுத்தி வைக்க:

சூடோ ஸ்னாப் ரிஃப்ரெஷ் --ஹோல்ட்=24எச்

கேபிள் சரியானதும் அப்டேட்டை ஓட விடுங்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன.

நீக்கும்போது 'ரிமூவ்' போதாது. அது நிரலை மட்டும் எடுக்கும். செட்டிங் ஃபைல் இடிசி அடைவில் தங்கிவிடும். 'டிபிகேஜி -எல் விஎன்ஸ்டாட்' கொடுத்தால் வரி 'ஆர்சி' என்று தொடங்குவது அதனால்தான்.

சூடோ ஏபிடி பர்ஜ் விஎன்ஸ்டாட் நெட்ஹாக்ஸ்
சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்

இரண்டாவதில் 'ஒய்' அடிக்குமுன் பட்டியலைப் படியுங்கள். தேவையான ஏதாவது அதில் இருந்தால் 'என்'. பழைய மாதக் கணக்கு வேண்டுமானால் பர்ஜ் செய்வதற்கு முன்பே /வார்/லிப்/விஎன்ஸ்டாட் அடைவை நகலெடுத்துவிடுங்கள். மூலநிரலை இறக்கி 'மேக் இன்ஸ்டால்' செய்து போட்டிருந்தால் ஏபிடிக்கு அது தெரியவே தெரியாது. அதே ஃபோல்டருக்குள் போய் 'சூடோ மேக் அன்இன்ஸ்டால்' கொடுக்க வேண்டும். ஆகையால் அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.