கொரோனா காலத்துக் கடனும் நிவாரணமும்: ராமநாதபுரம் கரையிலிருந்து வந்த கேள்விகள்

கொரோனா ஊரடங்கில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அரசு என்ன கொடுத்தது, நமக்கு ஏன் வரவில்லை, அந்தக் கணக்கு ஏன் இன்னும் முடியவில்லை என்று தொண்டி முதல் ஏர்வாடி வரை பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது அறிவித்ததில் பெரும்பகுதி கடன், இல்லையென்றால் பழைய கடனுக்கு அவகாசம். கையில் காசாக வந்தது கொஞ்சம்தான். அதுவும் ஏற்கெனவே ஏதாவது ஒரு பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்குத்தான் வந்தது.

ராமேஸ்வரம், சுற்றுலா வேன் வைத்திருப்பவர்: அண்ணே, 2020-ல ஆறு மாசம் டியூ கட்ட வேண்டாம்னாங்க. நம்பி நிறுத்திட்டேன். கடைசியில கடன் கூடிப்போச்சு. வட்டியைத் தள்ளுபடி பண்ணிட்டதா செய்தி வந்துச்சே, எனக்கு எங்கே?

தம்பி, ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27-ல் கொடுத்தது அவகாசம் மட்டும்தான். மார்ச் 1 முதல் மே 31 வரை என்று தொடங்கி, ஆகஸ்ட் 31 வரை நீட்டினார்கள். அசல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபிறகு மத்திய அரசு ஏற்றுக்கொண்டது வட்டிக்கு வட்டியை மட்டும்.

நீங்கள் எழுதிய கணக்கையே போட்டுப் பார்ப்போம். பாக்கி 3 லட்சம், வட்டி 12 சதவீதம், அதாவது மாதம் 1 சதவீதம். ஆறு மாதத் தனிவட்டி 18,000 ரூபாய். கூட்டு வட்டி போட்டால் 18,456. அரசு தந்தது இடையில் உள்ள 456 ரூபாய். 18,000 உங்கள் தலையில்தான். அதனால்தான் தவணைகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. அந்த 456-ஐ 2020 நவம்பர் 5-க்குள் வரவு வைக்க வேண்டும் என்று உத்தரவு. கணக்கு அறிக்கையில் அந்த நாட்களை ஒட்டிப் பாருங்கள், சின்னத் தொகை என்பதால் கண்ணில் படாமல் போயிருக்கும். விடாமல் டியூ கட்டியவர்களுக்கும் அது உண்டு. பயிர்க்கடன், டிராக்டர் கடன் மட்டும் அதில் சேரவில்லை.

பாம்பன், கருவாடு விற்கும் பெண்: ராமேஸ்வரத்துல ரோட்டோரம் கூடை வச்சு விக்கிறேன். பத்தாயிரம் கடன் கேட்டதுக்கு, நீங்க ஊராட்சி ஆளு, இது நகராட்சிக்காரங்களுக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க.

அக்கா, நீங்கள் கேட்டது தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடன் திட்டம். அது 2020 ஜூன் 1-ல் வந்தபோதே, பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து நகர எல்லைக்குள் விற்பவர்களையும் சேர்த்திருந்தார்கள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை, எங்கே விற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. நகராட்சியில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இந்தத் திட்டம் இன்னும் இருக்கிறது, 2030 மார்ச் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். முதல் கடன் 10,000 இப்போது 15,000 ஆகிவிட்டது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அப்புறம் 50,000. ஈடு கேட்கக் கூடாது. தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உங்கள் கணக்குக்குத் திரும்பி வரும்.

ராமேஸ்வரம், வாடகைக் கடையில் சங்கு, சிப்பிப் பொருட்கள்: அந்தக் கடன் எனக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. அது தெருவோர வியாபாரிகளுக்கு. உங்களுக்குச் சிறு தொழிலுக்கு வங்கியில் தரும் முத்ரா கடன்தான் வழி.

ஏர்வாடி, தர்கா பக்கம் லாட்ஜ் நடத்துபவர்: வெளியூர் ஜனம் வராமல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தோம். பக்கத்து லாட்ஜுக்கு ஈடில்லாமல் கடன் கொடுத்த வங்கி, எனக்குக் கைவிரித்தது. நான் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை.

பாய், பாக்கி இல்லாததுதான் காரணம். அது அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கியோ, அதில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். ஈடு வேண்டாம், அரசே உத்தரவாதம், வங்கி வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 லட்சம் பாக்கி இருந்தவருக்கு 1,60,000 வந்திருக்கும். 2021 மார்ச் இறுதியில் ஓட்டல், சுற்றுலாத் தொழிலுக்கு அதை 40 சதவீதமாக்கி, ஆறு வருடத் தவணையும் கொடுத்தார்கள். பூஜ்யத்தில் 40 சதவீதம் பூஜ்யம்தானே! சொந்தக் காசில் தொழில் நடத்தியவரை இப்படி வெளியே நிறுத்தியது நியாயமே இல்லை என்பது என் கருத்து. 2023 மார்ச்சோடு திட்டமும் முடிந்துவிட்டது, இனி அலைய வேண்டாம்.

தங்கச்சிமடம், நாட்டுப்படகு மீனவர்: கொரோனாவுக்கு வந்த ஆயிரம் வேற, தடைக்கால நிவாரணம் வேறயா? எங்க வீட்டுல ஒண்ணுதான் வந்துச்சு.

வேறுதான். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் என்று ரேஷன் கடை வழியாக வந்தது அரிசி அட்டை உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவானது. தடைக்கால நிவாரணம் மீன்வளத்துறைப் பட்டியல்படி வருவது. 2020-ல் 61 நாள் மீன்பிடித் தடையை 47 நாளாகக் குறைத்து, ஜூன் 1-லேயே கடலுக்குப் போகவிட்டார்கள். நிவாரணம் அப்போது 5,000 ரூபாய். அதை 8,000 ஆக்கும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. எது வரவில்லை என்று பாஸ்புக்கைப் பார்த்து முடிவு செய்துகொண்டு போங்கள். மீன்வளத்துறை அலுவலகத்தில் ரேஷன் பணத்தைக் கேட்டால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

சின்னப்பாலம், கடல்பாசி வளர்க்கும் பெண்: அவகாசம் இருந்த மாசத்திலேயே குழுக் கடன்காரங்க வாசல்ல வந்து உக்காந்தாங்க. பாசி வாங்க ஆள் வரலை, காய வச்ச மூட்டை அப்படியே கிடந்துச்சு. கடைசியில தோட்டை வச்சுத்தான் கட்டினேன். அது சரியா?

சரியில்லை அம்மா. ஆனால் அந்த உத்தரவிலேயே ஓட்டை இருந்தது. குழுக் கடன் தரும் நுண்கடன் நிறுவனங்களும் அவகாசம் 'தரலாம்' என்றுதான் ரிசர்வ் வங்கி சொன்னது. தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் தப்பினார்கள்.

2022 ஏப்ரல் முதல் விதி இறுகியிருக்கிறது. எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டுவது குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் போன் அடிக்கக் கூடாது. வசூலுக்கு என்று குறித்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கே வரலாம். அடுத்த முறை வாசலில் வந்து உட்கார்ந்தால் தேதி, நேரம், வந்தவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக்குப் போகலாம், செலவில்லை.

தேவிபட்டினம்: கொரோனா நிவாரணம் 5,000 என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வருகிறதே?

தொடாதீர்கள்.

தொண்டி, தையல் கடை: இன்னொரு முறை இப்படி ஒன்று வந்தால், இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

2020-ல் நல வாரிய உறுப்பினர்களுக்குத் தனியாக ஆயிரம் ரூபாய் வந்தது. உறுப்பினராக இல்லாத தையல்காரர், ஆட்டோக்காரர் வேடிக்கைதான் பார்த்தார்கள். தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். கடைக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு எடுங்கள், கட்டணம் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளம் எல்லாம் இடைத்தரகர் வேலை. பான் அட்டை இல்லாத சிறு தொழிலுக்கும் 2023 முதல் உத்யம் அசிஸ்ட் வழியாக வங்கியே பதிவு செய்து தர முடியும். அப்புறம், ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.