பழைய வால்பேப்பரை உரிப்பதா, மூடுவதா?

கேள்வி: 12 ஆண்டுப் பழைய அடுக்ககம் ஒன்றில் அண்மையில் வீடு வாங்கியிருக்கிறோம். முந்தைய உரிமையாளர் கூடத்தில் ஒரு சுவரிலும் படுக்கையறையில் ஒரு சுவரிலும் பூப்போட்ட வால்பேப்பர் ஒட்டியிருக்கிறார். கூடத்தில் இருப்பது நிறம் மங்கியிருக்கிறதே தவிர, உறுதியாகவே ஒட்டியிருக்கிறது. படுக்கையறையில் இருப்பதோ கீழ்ப்பகுதியில் உப்பி, இணைப்புகளில் பிளந்துவிட்டது. கதவைச் சாத்தி வைத்தால் ஈரத்துணி வாடை அடிக்கிறது. அந்தச் சுவருக்கு மறுபுறம் குளியலறை. “உரித்தால் பட்டியெல்லாம் பெயர்ந்து வரும், இதன் மேலேயே பெயின்ட் அடித்துவிடலாம்” என்கிறார் பெயின்டர். அவர் சொல்வதைக் கேட்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: பட்டி (பெயின்ட்டுக்கு அடியில் சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு) பெயரும் என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் படுக்கையறைச் சுவரைப் பொறுத்தவரை, பெயரட்டும் என்றுதான் நான் சொல்வேன். வால்பேப்பரின் மேற்பரப்பு பெரும்பாலும் வினைல், அதாவது பிளாஸ்டிக். குளியலறை டைல்ஸ் இணைப்புகள் வழியாகவோ குழாய் வழியாகவோ சுவருக்குள் இறங்கும் நீர், வெறும் சுவராக இருந்தால் அறைப்பக்கம் காய்ந்து வெளியேறும். வினைல் அதற்கு வழி விடாததால் தாளுக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது, அங்குள்ள மாவுப்பசை பூஞ்சைக்கு உணவாகிறது. உங்களுக்கு வரும் வாடை அதுதான். அதன் மேல் பெயின்ட் அடித்தால் இன்னொரு பூட்டைப் போட்டதாகத்தான் ஆகும். பிவிசி பலகைகளை அடித்து மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னாலும் பதில் இதுவே. பின்னால் ஓதமும் கரப்பானும் நிம்மதியாகக் குடியிருக்கும்.

உரிக்கத் தொடங்கும் முன் அந்தச் சுவரின் சுவிட்சுப் பெட்டிகளுக்குச் செல்லும் மின்சாரத்தை எம்சிபியில் (மின்பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) நிறுத்திவிடுங்கள். பிளந்திருக்கும் இணைப்பில் விரல் நுழைத்து, தாளைச் சுவரோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக இழுத்தால், வாழைமட்டையிலிருந்து நார் உரிவதுபோல வினைல் தனியே வந்துவிடும். சில வகைகள் அடித்தாளோடு சேர்ந்தே முழுதாக உரிந்துவிடும். அப்படி வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வராவிட்டால், மங்கிய வெள்ளைத் தோல்போலச் சுவரில் நிற்கும் அடித்தாளை வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, ஸ்பாஞ்சினால் ஒரு கை அகலத்துக்கு நனைத்து, 10 முதல் 15 நிமிடம் ஊறவிட்டு, மறுபடி ஒருமுறை நனைத்தபின் பட்டித் தகட்டைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளுங்கள். ஊறிய தாள் சுருண்டு சுருண்டு வரும். சுரண்ட வேண்டியிருந்தால் ஊறவில்லை என்று பொருள். பலத்தைக் கூட்டுவதைவிட நேரத்தைக் கூட்டுவது நல்லது. நனைந்த இடம் நகம் பட்டாலே குழைந்தால், அடியில் இருப்பது சிமென்ட் பட்டியல்ல, ஜிப்சம் பூச்சு. அங்கே நீரைத் துளித்துளியாகத்தான் காட்ட வேண்டும்.

தாள் போனபின் எஞ்சும் பசையைப் பலரும் கவனிப்பதில்லை. ஈரக்கையால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். ஐயம் இருந்தால், காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், மாவுப்பசை இருந்தால் கருநீலமாகும். அதை விட்டு மேலே பட்டி பார்த்தால் சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். எனவே நீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை துடைத்துவிடுங்கள்.

கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை பூஞ்சை. உலர்ந்த தூரிகையால் தட்டாமல், சன்னலைத் திறந்து, என்-95 முகக்கவசம் அணிந்து, ஈரமாகத் துடைத்தெடுங்கள். வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால் அன்று அவர் அங்கே இருக்க வேண்டாம். பசையைக் கரைக்க வினிகர் பயன்படுத்துபவர்கள் உண்டு, பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துபவர்களும் உண்டு. இரண்டும் ஒரே வாளியிலோ ஒரே சுவரிலோ சேரக்கூடாது, நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

குளியலறைப் பக்கத்துக் கசிவைச் சரிசெய்த பிறகு, சுவரைச் சில வாரங்கள் மின்விசிறிக் காற்றில் வெறுமனே விடுங்கள். பிறகு ஒரு முழச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள்: தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது, பட்டிக்கு ஆள் வரச் சொல்ல வேண்டாம். சென்னையில் இந்த வேலையை வடகிழக்குப் பருவமழையில் தொடங்காமல், தை பிறந்தபின் வைத்துக்கொள்வது நல்லது.

கூடத்துச் சுவர் வேறு வகை. அங்கே ஓதமில்லை, தாள் எங்கும் எழவில்லை என்றால் மூடலாம். ஆனால் நீரில் கரைக்கும் பிரைமரால் அல்ல. அந்த நீர் பசையை மறுபடி இளக்கி, கொப்புளங்களை எழுப்பும். எண்ணெய் சார்ந்த பிரைமர் அடித்து, இணைப்புகளைப் பட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்த பிறகே எமல்ஷன் அடிக்க வேண்டும். வழக்கமான சுருளின் அகலம் 53 செ.மீ. என்பதால், நிரப்புவதில் சோம்பினால் மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த இடைவெளியில் கோடு கோடாகத் தெரியும். என் வீடாக இருந்தால் அதையும் உரித்திருப்பேன்.

கேள்வி: குழந்தைகள் அறையில் நாங்களே வாங்கி ஒட்டிய ஸ்டிக்கர் வகை வால்பேப்பரை எடுக்க முயன்றால், பெயின்ட்டும் சேர்ந்து வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இதற்குத் தண்ணீர் உதவாது, இதில் இருப்பது மாவுப்பசை அல்ல, அழுத்தினால் ஒட்டும் பிசின். தலைமுடி உலர்த்தியை மிதமான சூட்டில் காட்டி, பிசின் இளகும்போது மெல்ல இழுங்கள். அப்படியும் பெயின்ட் வருகிறதென்றால், அடியில் பிரைமர் இல்லாமலோ பழைய டிஸ்டம்பர் மேலோ எமல்ஷன் அடித்திருப்பார்கள்; குற்றம் ஸ்டிக்கருடையது மட்டுமல்ல. எஞ்சிய பிசினுக்குத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டாம், எண்ணெய்க் கறையின் மேல் புதுப் பெயின்ட் நிற்காது. துணியில் சிறிது டர்பன்டைன் நனைத்து, அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாமல், சன்னல் திறந்து துடைத்து, பின் சோப்பு நீரால் கழுவுங்கள். பெயர்ந்த ஓரங்களைச் சுரண்டி, பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர் என முடித்து, மூலைக்கு மூலை முழுச் சுவருக்கும் பெயின்ட் அடித்தால்தான் ஒட்டுப்போட்டது தெரியாது.

கேள்வி: தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவரில், கல்யாணத்துக்காக ஒட்டிய வால்பேப்பரை எடுத்துவிட்டோம். கீழே இடுப்புயரத்துக்குப் பச்சை இனாமல் பெயின்ட் தெரிகிறது. அதைத் தேய்த்துவிட்டு பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தப் பச்சையை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதை நிறுத்துங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய இனாமலில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும், அந்தத் தூசு தவழும் குழந்தைகளுக்கு ஆகாது. ஈரமாக வைத்தே சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அதன்பின் எமல்ஷன் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிட்டுக்கொண்டே இருப்பது, அதை மூடினால் உப்புப் பூத்து உதிரும். நீற்றி வடிகட்டிய கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பால்போலக் கரைத்து, சுவரை நனைத்துக்கொண்டு, மெல்லியதாக மூன்று பூச்சு அடியுங்கள். முதல் பூச்சில் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெண்மை ஏறும். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் இருக்க, அடிப்பவர் பாதுகாப்புக் கண்ணாடி அணியட்டும்.